பள்ளிக்கூடத்தில் வாந்தியின் மேல் தூவுகிறார்களே ஒரு பொடி, அது என்ன? கிருமியையும் கொன்றுவிடுமா?

கொல்லாது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் அவ்வளவுதான். முதல் பாதிக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

"பொடியைப் போட்டால் போதும், துடைக்கக்கூட வேண்டாமாமே" என்று கேள்வியோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் இதைக் கடந்து போயிருப்பேன். பள்ளிக்கூடத்தில் துடைப்பத்தோடு வேலையைத் தொடங்கி, துப்புரவு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பள்ளியில் அந்தப் பொடி டப்பா வந்த அதே பருவத்தில், மாடிக்கு இரண்டு பேர் என்று இருந்ததை ஒருவராகக் குறைத்தார்கள். "அதான் பொடி இருக்கே, இன்னொரு ஆள் எதுக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தூவுவதற்கு ஆள் வேண்டாம்தான். அள்ளுவதற்கு?

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, ராத்திரி எங்கோ வாந்தி எடுத்துவிட்டது, பள்ளியில் இதற்கு என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வெறும் ஆர்வத்தில் கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

முதலில், அது ஒரே பொடி கிடையாது. ரொம்பப் பழையது மரத்தூள். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீரைக் கொண்டுபோன நுண்குழாய்கள் அறுத்த தூளிலும் மிச்சமிருக்கும். ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். சில தயாரிப்புகளில் இதற்குச் சிவப்போ பச்சையோ சாயமேற்றி, வின்டர்கிரீன் எண்ணெய் வாசனை சேர்ப்பார்கள். மூட்டுவலித் தைலத்தில் வருமே, அதே வாசனைதான். இந்தப் பொடியைப் பார்த்து வளர்ந்த சிலருக்குப் பெரியவர்களான பிறகும் அந்தத் தைலத்தை முகர்ந்தால் வயிற்றைப் புரட்டுகிறதாம். பாவம் தைலம்.

எண்ணெய் பிசறிய பச்சை மரத்தூள் இன்னொன்று உண்டு. அது கூடம் பெருக்கும்போது தூசி கிளம்பாமல் இருக்கப் போடுவது. ஏற்கெனவே எண்ணெய் ஏறியிருப்பதால் தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டு, "பொடி வேலை செய்யலை" என்று புகார் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது களிமண் குருணை. ஃபுல்லர்ஸ் எர்த் (முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி) வகைக் களிமண்ணைச் சூட்டில் உலர்த்தி உடைத்தது. தொழிற்சாலைத் தரையில் எண்ணெய் சிந்தினால் கொட்டுவதற்கென்று இருந்த சரக்கு இது. 1947 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் இந்தக் குருணையைக் கொடுத்தனுப்பினார். இன்று பூனைக் கழிவறைக்கு உலகமெங்கும் விற்கும் குருணை வியாபாரம் அங்கிருந்து பிறந்ததுதான். ஆகவே உங்கள் வீட்டில் பூனை இருந்தால், பாதிப் பதில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

டயாட்டம் மண் என்று ஒன்றும் உண்டு. டயாட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள் நீரடியில் படிந்து மண்ணானது. ஓடு முழுக்கப் பொத்தல் என்பதால் திரவம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆல்ஃபிரட் நோபல் 1867 இல் காப்புரிமை பெற்ற டைனமைட், நைட்ரோகிளிசரினை இந்த மண்ணில் ஊற வைத்ததுதான். வெடிமருந்தைப் பத்திரமாகப் பிடித்துவைக்கத் தெரிந்த மண், மூன்றாம் வகுப்புப் பையனின் காலைச் சாப்பாட்டைப் பிடிக்காதா?

இப்போது வருவதில் பெரும்பாலும் சோடியம் பாலிஅக்ரிலேட் இருக்கும். குழந்தைகளின் டயப்பருக்குள் இருப்பது இதுவே. வெள்ளைச் சர்க்கரை போலத் தெரியும். ஈரம் பட்ட சில நொடிகளில் ஊதிக் கூழாகிவிடும். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போலப் பல நூறு மடங்குகூட இழுக்கும். உப்புக் கலந்த திரவத்தில் அந்தத் திறன் வெகுவாகக் குறையும். சிறுநீர், வாந்தி எல்லாவற்றிலும் உப்பு இருப்பதால், டப்பாவில் போட்டிருக்கும் கணக்கை நம்பி ஒரு சிட்டிகை தூவினால் பாதி அப்படியே நிற்கும். தாராளமாகப் போட வேண்டும்.

இந்தக் கூழை ஒரு பையன் (புதிதாக வேலைக்கு வந்தவன், அவன் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை) கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டான். தண்ணீர் கண்டால் அது சும்மா இருக்குமா? குழாய்க்குள் போய் இன்னும் ஊதி, கீழ்த்தளம் முழுக்க அடைத்துக்கொண்டது. குழாய் வேலைக்காரர் கம்பியை விட்டுக் குடைந்து பார்த்து அலுத்துப்போனார். "உப்புக் கொட்டுங்க அண்ணே, அதுவே இளகும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்லுப்பைக் கொட்டி ஊறவிட்டதும் கூழ் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கியது. உப்புக்கு அது அடங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

நாற்றத்தைப் பற்றியும் கேட்பீர்கள். வாந்தி நாற்றத்தில் முக்கியப் பங்கு பியூட்ரிக் அமிலத்துக்கு. கெட்டுப்போன வெண்ணெயில் வருவதும் அதுதான். சமையல் சோடா அமிலத்தோடு சேர்ந்து அதை உப்பாக மாற்றிவிடும், உப்பு காற்றில் கிளம்பி மூக்குக்கு வராது. நல்ல பொடிகளில் சோடாவோ கரித்தூளோ கலந்திருக்கும். வெறும் வாசனை மட்டும் போட்ட பொடி நாற்றத்துக்கு மேல் இன்னொரு நாற்றத்தைப் பூசும். எங்கள் அலுவலகம் வாங்கியது அந்த இரண்டாம் ரகம். பெற்றோர் வந்தால் எலுமிச்சை வாசம் அடிக்க வேண்டுமாம்.

இனி கிருமி. இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

தேர்வு நேரத்தில் ஒரு நாள், வகுப்பு வாசலிலேயே ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டான். எங்கள் பொடி தீர்ந்திருந்தது. அந்த வகுப்பு மிஸ், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, ப்ளீச்சிங் பவுடரை அப்படியே மேலே கொட்டச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் கை நிறைய அள்ளிக் கொட்டிவிட்டாள். நான் மாடியேறும்போதே மூக்கு எரிந்தது. வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுகிறார்கள். பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பி, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, அந்தப் பெண்ணையும் முகம் கழுவக் கூட்டிப்போனேன்.

நடந்தது என்னவென்றால், வயிற்றிலிருந்து வருவதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைகள் மேல் திறந்துவிட்ட வாயு அது. அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளையின் நுரையீரலும் வேறுதானே. சிறுநீர் மேல் கொட்டினாலும் ஆபத்து: அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற மூச்சை எரிக்கும் வாயு வரும். அதனால் குளோரின் கலந்த எதையும் வாந்தி, சிறுநீர் மேல் நேராகக் கொட்டக் கூடாது. ரத்தம் சிந்தினால் போடுவதற்கென்றே குளோரின் குருணைகள் மருத்துவமனைகளில் இருக்கின்றன என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இருக்கின்றன, எனக்கும் தெரியும். அதைச் சிறுநீர் மேல் போடாதே என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது.

"கிருமி சாகட்டும்னுதான் சொன்னேன், இதுல என்ன தப்பு?" என்றார் மிஸ். தலைமையாசிரியை அறையில் பெரிய வாக்குவாதம். நான் படித்தது பத்தாம் வகுப்பு. அவர் அறிவியல் பட்டதாரி. "நீங்க எனக்கு வேதியியல் சொல்லித் தரீங்களா?" என்று கேட்டார். "டப்பாவுக்குப் பின்னாடி எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க மேடம்" என்று எடுத்துக்கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அமிலத்தோடு கலக்காதே என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று மாலையே பொருள் வைக்கும் அறைக் கதவில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை யாரும் அதைக் கிழிக்கவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்.

பள்ளிக்கூட வாந்தியில் பயப்பட வேண்டிய ஆள் நோரோவைரஸ். அந்தப் பெயரே ஒரு பள்ளியால் வந்தது: 1968 இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தியெடுத்தார்கள். அங்கு எடுத்து வைத்த மாதிரியிலிருந்து 1972 இல் ஆல்பர்ட் கபிகியன் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வைரஸைக் கண்டார்கள். நூற்றுக்கும் குறைவான துகள்கள் உள்ளே போனாலே ஒருவருக்கு நோய் வரலாம். மரத்தூளுக்கும் களிமண்ணுக்கும் இதைக் கொல்லத் தெரியாது. கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல்லும் இதனிடம் பெரிதாக எடுபடாது; சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும்.

அதனால் வரிசை முக்கியம். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பொடியைத் தாழ்வாகப் பிடித்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூவ வேண்டும். மேலிருந்து கொட்டினால் திரவம் தெறிக்கும், தூசியும் கிளம்பும். இறுகியதும் அட்டையால் வழித்து அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கப்புறம்தான் குளோரின் கரைசல். 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு குளோரின்) வரும். நோரோவைரஸுக்கு 1000 முதல் 5000 வரை சொல்கிறார்கள். தடவி 5 நிமிடமாவது விட வேண்டும். அழுக்கு இருக்கும்போதே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும், வைரஸ் வரை போய்ச் சேராது. கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்கவும் கூடாது. பிரிட்டனில் வாந்தியெடுக்கும் பொம்மை ஒன்றை வைத்துச் சோதித்தார்கள் (அதற்கு லாரி என்று பெயர்கூட வைத்தார்கள்). துளிகள் 3 மீட்டருக்கு மேலும் போய் விழுந்தன. பக்கத்து மேஜைக் காலும் கதவுக் கைப்பிடியும் இதில் அடக்கம்.

இதையெல்லாம் ஒரு ஆள், ஒரு மாடி முழுக்க, மணி அடிப்பதற்குள் செய்ய வேண்டும். பொடி வந்ததும் வேலை குறைந்தது என்பவர்கள் ஒரு முறை முட்டி போட்டு வழித்துப் பார்க்கட்டும். முகக்கவசம் கேட்டால் "ஒரு பிடி தூளுக்கு எதுக்கு" என்பார்கள். மரத்தூளை 1995 இலும், சுவாசிக்கும் படிகச் சிலிக்காத் தூசியை 1997 இலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திவிட்டது. நான் பீதி கிளப்பவில்லை. அது வருடக்கணக்கில் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் வீட்டில் ஒரு தடவை தூவினால் ஒன்றும் ஆகாது. ஆனால் வருடக்கணக்கில் தூவுகிறவர்கள் நாங்கள்.

பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: வாந்தியைக்கூட மன்னிக்கலாம், ஜிகினாத் தூளை மன்னிக்க முடியாது. கைவேலை வகுப்பு முடிந்ததும் மேஜையெல்லாம் ஜிகினாவைக் கொட்டி வைத்துவிட்டு, "கொஞ்சம் பெருக்கிடுங்க" என்று போய்விடுவார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, பெருக்கப் பெருக்க இன்னொரு அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். வாந்தி எடுத்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அது என்ன செய்யும்? ஜிகினா கொட்டியவருக்கு உடம்பு நன்றாகத்தானே இருந்தது! கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன், விளம்பரம் என்பார்கள். டயப்பர் ரகப் பொடி தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். சிந்திய இடம் ஈரமானால் வழுக்கும், பிள்ளை வாயில் போட்டாலும் வம்பு. தரைக்குப் பூனைக் குருணையோ பழைய செய்தித்தாளோ போதும். மெத்தையில் என்றால் முதலில் அட்டையால் வழித்து எடுத்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பிறகு சமையல் சோடாவைத் தூவி நன்றாகக் காயும்வரை விட்டு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் எடுங்கள். துணி வெளுத்துவிடும் என்பதால் மெத்தைமேல் ப்ளீச் வேண்டாம். கழற்றித் துவைக்க முடிந்த உறைகளை உதறாமல் சுருட்டி எடுத்து, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் தனியாகத் துவைத்துவிடுங்கள். கார் இருக்கைக்கும் இதே முறைதான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.