விருந்தாளி வருமுன் விரித்த பாய்

மிஸ்ஸியிடம் கேளுங்கள்

சென்ற இதழில் "வெட்கப்படாமல் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாதவிடாயைப் பற்றியவை. இரண்டில் பெயர் இல்லை. ஒன்றை ஒரு கணவர் எழுதியிருக்கிறார். ஆகவே இம்முறை இடம் முழுவதும் இதற்கே. நான் வைத்தியர் அல்ல. ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் 33 வருடம் சைக்கிள் மிதித்த அரச மருத்துவிச்சி. வைத்தியரிடம் போகவேண்டிய இடம் வந்தால் "போ" என்று சொல்லிவிடுவேன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மாதவிடாய் எப்படி வருகிறது என்று படித்துவிட்டேன். ஏன் வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் பசுவுக்கு இந்தக் கரைச்சல் இல்லையே? – மாணவி, செட்டிபாளையம்

நல்ல கேள்வி மகளே. பசுவிடம் காளைத் தேட்டம் அடங்கிய ஓரிரு நாளில் சிறிது இரத்தம் தெரிவதுண்டு. பெட்டை நாய்க்கும் துளித்துளியாகப் போகும். இரண்டும் மாதவிடாய் அல்ல. நாய்க்கு முட்டை வெளிவருமுன் வருகிறது. நமக்கோ முட்டை வந்து, கரு தங்காமல் போன பிறகு வருகிறது. உண்மையில் மாதவிடாய் காணும் பாலூட்டிகள் மிகச் சிலவே. நாம், மனிதக் குரங்குகள், நம் காட்டோரத்துச் செங்குரங்கின் இனத்தார், சில வௌவால்கள், ஆப்பிரிக்காவின் யானைமூஞ்சூறு, எகிப்துப் பக்கத்து முள்மயிர்ச் சுண்டெலி. பட்டியல் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மட்டக்களப்புக்குப் போனால் திரும்பவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் நம்மைக் கேலி செய்வார்கள் அல்லவா? நம் கருப்பைக்கும் அந்தக் குணம் உண்டு. கரு வந்து ஒட்டுவதற்காகத் தடித்து உருமாறும் கருப்பையின் உள்வரிச் சதைதான் இங்கே பாய். சாதாரண எலியின் கருப்பை, கரு வந்து தொட்ட பிறகுதான் பாயை விரிக்கும். பசுவின் கரு சுவரைத் துளைத்து உள்வீட்டுக்கே வருவதில்லை. திண்ணையில் ஒட்டி இருந்துகொள்ளும். நம்முடையதோ விருந்தாளி வருகிறாரா இல்லையா என்று பாராமல் மாதாமாதம் பாயை விரித்துவிடுகிறது. விரித்த பாயைச் சுருட்டி வைக்கவும் முடியாது. புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் பட்டு உருமாறிய கலங்கள் பழைய நிலைக்குத் திரும்ப மாட்டா. கரு வராவிட்டால் ஓமோன் இறங்கும். பாய் கிழிந்து வெளியே வரும்.

ஏன் இந்த முந்திய ஏற்பாடு? மனிதக் கரு சாதுவான விருந்தாளி அல்ல. சுவரைத் துளைத்து உள்ளே போய்த் தாயின் இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அப்படிப்பட்டவரை வாசலில் வைத்துப் பார்த்து, பழுதான கருவை ஏற்காமல் விடுவதற்கும் அந்தப் பாய் உதவுகிறது என்று இன்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதாவது வரவேற்பும் காவலும் ஒன்றுதான்.

வேறு விளக்கங்களும் வந்தன. 1993இல் மார்ஜி புரொஃபெட் என்ற அமெரிக்கப் பெண், விந்தோடு வரும் கிருமிகளைக் கழுவத்தான் மாதவிடாய் என்று எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்களின் "கெட்ட இரத்தம்" சட்டை மாற்றி வந்தது போல எனக்குத் தோன்றியது. அது நிலைக்கவில்லை. இரத்தம் கிருமிகளுக்கு நல்ல சாப்பாடு, கழுவும் நீர் அல்ல. 1996இல் பெவெர்லி ஸ்ட்ராஸ்மன், தடித்த பாயை எப்போதும் விரித்தே வைத்திருப்பதைவிடக் கழித்துவிட்டுப் புதிதாய் வளர்ப்பது உடலுக்குச் செலவு குறைவு என்று காட்டினார். அவர் மாலி நாட்டின் டோகோன் மக்களிடையே கணக்கெடுத்தவர். கருத்தடை இல்லாமல், பிள்ளை பெற்றுப் பாலூட்டியே காலம் கழிக்கும் அங்குள்ள பெண்ணுக்கு ஆயுளில் சுமார் 100 மாதவிடாய்தான். இன்றைய நகரத்துப் பெண்ணுக்கு 400 வரை வரும். எங்கள் பெத்தா (பாட்டி) ஒன்பது பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்தவர். "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை" என்று அவர் சொன்னதை நான் பெருமை பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வந்ததே குறைவு!

மகளுக்கு 13 வயது. பெரியபிள்ளையாகி மூன்றாவது தடவை. பத்து நாளாக நிற்கவில்லை, மணிக்கு ஒரு சுகாதாரத் துவாய் நனைகிறது. கெட்ட இரத்தம் போகட்டும், மருந்து கொடுத்து நிறுத்தாதே என்கிறார் மாமி. – தாய், தம்பிலுவில்

இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திராமல் அன்றே பதில் அனுப்பினேன். இதே நிலையில் வேறு தாய்மாரும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். மணிக்கு ஒரு துவாய் முழுதாக நனைந்து, அது இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முகம் வெளிறுதல், நெஞ்சுப் படபடப்பு, எழும்பும்போது தலைசுற்று இருந்தால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

உங்கள் மாமியோடு சண்டை வேண்டாம். ஆனால் கெட்ட இரத்தம் என்று ஒன்று உடலில் இல்லை. போவது பிள்ளையின் நல்ல இரத்தம், அதோடு அதிலுள்ள இரும்புச்சத்து.

முதல் இரண்டு வருடம் மாதவிடாய் தாறுமாறாக வருவது வழமை. மூளைக்கும் சூலகத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தை இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. முட்டை வெளிவராத மாதங்களில் பாய் அளவுக்கு மீறித் தடித்துவிடும். பெரும்பாலும் காரணம் இதுதான். ஆனால் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. பின்லாந்துக்குச் சொந்தமான ஓலண்ட் தீவுகளில் யோர்டிஸ் என்று ஒரு சிறுமி இருந்தாள். அவளது குடும்பத்தின் இரத்தப்போக்கு நோயை எரிக் வொன் வில்லிபிராண்ட் என்ற வைத்தியர் 1926இல் எழுதி வெளியிட்டார். அவள் 13 வயதில், நான்காவது மாதவிடாயில், இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதத்தில் வரும் அந்தக் குறைக்கு இன்று அந்த வைத்தியரின் பெயர்தான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று அந்தக் குறையை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் இருக்கிறது.

வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லவேண்டியவை: பிள்ளைக்கு அடிக்கடி மூக்கால் இரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்காமல் ஒழுகியதா, சும்மா தட்டுப்பட்டாலே தோலில் நீலம் பாய்கிறதா, உங்களுக்கோ உங்கள் சகோதரிகளுக்கோ பிள்ளைப்பேற்றில் இரத்தம் அதிகமாகப் போனதா. வலிக்கு டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கவே வேண்டாம். அது இரத்தத்தை இன்னும் ஓடவிடும்.

முதல் நாள் வலியில் வேலைக்குப் போக முடிவதில்லை. பனடோல் இரண்டு போட்டும் கேட்பதில்லை. வலிக் குளிசை போட்டால் பிள்ளை தங்காது என்கிறார்கள். – பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

வலிக் குளிசையை மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுவதால் பிள்ளை தங்காமல் போவதில்லை. இதை எத்தனை வாசற்படியில் சொல்லியிருப்பேனோ!

பாய் கிழியும்போது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் வெளிப்படும். அது கருப்பைத் தசையை முறுக்கிப் பிழியும். இரத்தக் குழாய்கள் நெரிபட்டு, தசைக்குப் பிராணவாயு போதாமல் வலி எடுக்கும். வயிற்றோட்டம், வாந்தி, தொடைக்கடுப்பு எல்லாம் அதே பொருளின் கைவரிசைதான். முதலில் விந்தில் கண்டுபிடித்து, அது ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து 1930களில் வைத்த பெயர் அது. நம் வலிக்கும் ஆண்களின் பெயர்தான் பாருங்கள்.

பனடோல் இந்தப் பொருளைக் கருப்பையில் அவ்வளவாகத் தடுப்பதில்லை. மெஃபனமிக் அசிட், இபுபுரொஃபென் போன்றவை தடுக்கும், இரத்தப்போக்கையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டு என்ன பயன்? வெள்ளம் வருமுன் வரம்பு கட்ட வேண்டும். இரத்தம் தலைகாட்டிய உடனேயே, சாப்பிட்ட பிறகு, வைத்தியர் சொன்ன அளவில் தொடங்குங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தலை ஒரு துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல, பரிசோதித்துப் பார்த்தும் பயன் கண்டது.

இவ்வளவும் செய்தும் கேட்காவிட்டால்? என் கதையைச் சொல்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், கிரான்குளத்தில் ஒரு பூவரச மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வலி தணியும்வரை மண்ணில் குந்தியிருந்திருக்கிறேன். தாய்மார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். அக்காலத்தில் ஒரு பெரிய வைத்தியர் சொன்னார்: "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்." கட்டினேன். சரியாகவில்லை. 31 வயதில் வயிற்றில் சிறு துளையிட்டுக் கமெரா விட்டுப் பார்த்தபோதுதான், கருப்பைக்குள் இருக்கவேண்டிய உள்வரிச் சதை சூலகத்திலும் குடலோரத்திலும் ஒட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். ஏறத்தாழ பத்துப் பெண்களில் ஒருவருக்கு அது உண்டு. ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். வருடாவருடம் கூடிவரும் வலி, மலம் கழிக்கும்போது குத்து, தாம்பத்தியத்தில் வலி, மாதவிடாய் இல்லாத நாளிலும் வலி இவற்றில் எது இருந்தாலும் பெண்ணோயியல் நிபுணரைப் பாருங்கள். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று ஒருவர் அனுப்பிவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அந்த வருடங்களை யாரிடம் போய்க் கேட்பேன்?

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கிற கிழமையில் எனக்கு நாள் வருகிறது. தள்ளிப்போடக் குளிசை போடலாமா? – வாசகி, கல்முனை

நொரெதிஸ்தெரோன் என்ற குளிசை இருக்கிறது. வழக்கமாக நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கவேண்டும். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். எப்போதாவது ஒருமுறை என்றால் பெரும்பாலோருக்குக் கேடில்லை. காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் போடக்கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

சடங்கை முடித்துவைக்கும் குளிர்த்திக்குப் போவதும் போகாததும் உங்கள் மனம். நான் துடக்கு என்று கோயிலுக்குப் போகாமலும் இருந்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் 18 நாள் சடங்கு எடுத்துத் தீ மிதிக்கிறோமே, அந்தத் திரௌபதையைச் சபைக்கு இழுத்துவந்தபோது அவள் ஒற்றை ஆடையில், வீட்டுக்கு விலக்காக இருந்தாள் என்றுதான் பாரதம் சொல்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்கிறது.

மனைவிக்கு 44 வயது. ஒரு வருடமாக மாதத்தில் பத்து நாள் கட்டிகட்டியாகப் போகிறது. சூடடிப்பு நாளில் வரம்பில் நடக்கும்போதே மயங்கி இருந்துவிட்டார். கேட்டால் "இந்த வயதில் இப்படித்தான்" என்கிறார். – விவசாயி, கொக்கட்டிச்சோலை

நீங்கள் எழுதியதே எனக்குப் பெரிய ஆறுதல். இந்த வயதில் மாதவிடாய் முன்பின்னாக வரும் என்பது உண்மை. மயங்கி இருக்க வைக்கும் என்பது உண்மையல்ல. ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் சாதாரணமாக இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். ஐந்து கரண்டிக்கு மேல், அதாவது 80 மில்லிலீற்றரைத் தாண்டினால், அதிகம். அளந்து பார்க்க யாரால் முடியும்? பத்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய கட்டி, ஏழு நாளுக்கு மேல் நீடித்தல், இரவில் துவாய் மாற்ற எழும்புதல் ஆகியவற்றைப் பாருங்கள். எத்தனை துவாய் என்று கலண்டரில் கோடு போட்டு எடுத்துப் போனால் வைத்தியருக்கு வேலை சுலபம்.

கருப்பைத் தசையில் வளரும் கட்டி காரணமாகலாம். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. தைரொயிட் கோளாறும் காரணமாகலாம். ஆனால் இந்த வயதில் உள்வரிச் சதையில் சிறிது எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள், அது இரத்தப்போக்கைக் கூட்டும். ஓமோன் லூப் என்பது வேறு. அது நன்றாகக் குறைக்கும். கருப்பையை எடுப்பது கடைசிப் பேச்சு.

டிரனெக்சமிக் அசிட் என்ற குளிசையையும் எழுதித் தரக்கூடும். அந்த நாட்களில் மட்டும் போடுவது; போக்கை ஏறத்தாழப் பாதிவரை குறைக்கும். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்தது. பிள்ளை பெற்ற தாய்மார் இரத்தம் போய்ச் சாகக்கூடாது என்பதே அவர் நோக்கம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்றாராம். மருத்துவிச்சியான எனக்கு அவர் மீது ஒரு தனிப் பிரியம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புக் குளிசையைத் தேசிக்காய்ச் சாற்றோடு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சோற்றோடும் குளிசையோடும் தேநீர் குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிக்கட்டும். முருங்கையிலை, நெத்தலி, ஈரல் எல்லாம் நல்லவை. ஆனால் இவ்வளவு போன பிறகு வெறும் சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. அளவு ஏறிய பின்னும் மூன்று மாதம் குளிசை தொடரவேண்டும்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்குமுன், உங்கள் பக்கத்துத் தாய்மார் ஓடத்துக்குக் காத்திருந்து நேரம் போனதைக் கண்டவள் நான். இப்போது பாலம் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று உங்கள் ஊர் மருத்துவிச்சியிடம் கேட்டு, வருகிற கிழமையே கூட்டிப் போங்கள். வாங்கில் அவரோடு நீங்களும் இருங்கள். போகும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுங்கள்; பின்னால் இருப்பவருக்குத் தலை சுற்றும்.