நீலத்துக்குப் பின்னால்

வணக்கம்.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு என் உடலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஓராண்டாக ஊசித்துளை கேமராவில் என்னையே எடுத்து, சயனோடைப் என்னும் நீலநிற முறையில் அச்சிடுகிறேன். நொய்மையைக் காட்டத்தான் தொடங்கினேன். ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் “அழகு” என்கிறார்கள். அந்தச் சொல் உறுத்துகிறது. நீலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேனா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றாவது கெட்டுப்போனது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆம், கொஞ்சம் ஒளிந்துகொள்கிறீர்கள். அதில் தவறில்லை.

1840-இல், ஒளிப்பட முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் இப்போலித் பயார் நீரில் மூழ்கிச் செத்தவராகத் தன்னையே படமெடுத்துக்கொண்டார். நெகட்டிவ் இல்லாமல் தாளிலேயே நேரடியாகப் படம் (பாசிட்டிவ்) எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்; பிரெஞ்சு அரசின் ஓய்வூதியமோ முந்தைய ஆண்டே, இன்னொரு ஒளிப்பட முறையைக் கண்டுபிடித்த தாகேருக்குப் போய்விட்டது. அந்த ஆற்றாமையில் சட்டையில்லாமல், கண்மூடிச் சாய்ந்து, ஏறத்தாழ 12 நிமிடம் அசையாமல் கிடந்தார். (அவ்வளவு நேரம் இமைக்காமல் யாரால் இருக்க முடியும்? பிணவேடம் வசதியும்கூட.) முழு நாடகம். ஆனால் வெயில்பட்ட முகமும் கைகளும் மட்டும் மற்ற உடம்பைவிடக் கறுத்து விழுந்துவிட்டன. அவை அழுகத் தொடங்கிவிட்டதாகப் படத்தின் பின்பக்கம் எழுதிச் சமாளித்தார். வேடம் அவருடைய திட்டம். கறுத்த கைகள் தாமாக வந்தவை. என்னால் கண்ணெடுக்க முடியாதது அந்தக் கைகளிலிருந்துதான்.

உங்கள் முதல் இரண்டு படங்களிலும் தழும்பு நடுவில், நல்ல ஒளியில் இருக்கிறது. ஓரத்தில் ரசாயனம் பூசிய தூரிகைத் தடம் வேறு. எல்லாம் நீங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. “அழகு” என்றவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்றாவதில் தழும்பே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அதை மூடப்போய்ப் பாதியில் நின்ற கை, விரல்கள் கலங்கி, இரண்டாகப் பதிந்திருக்கிறது. இதையா கெட்டுப்போனது என்கிறீர்கள்?

தழும்பைத்தான் காட்ட வேண்டுமென்றால் ஈரக் கொலோடியனை, அதாவது ரசாயனம் பூசிய தகடு காய்வதற்குள் படமெடுக்கும் பழைய முறையை, முயன்று பாருங்கள். சிவப்பு அதில் கறுப்பாக விழும். மங்கிய தழும்பைக்கூட இரக்கமில்லாமல் எழுப்பிக்காட்டும். ரசாயனங்கள் பொல்லாதவை, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவதைச் சட்டமிட்டு மாட்டுங்கள். வெளிச்சத்தில் வெளுத்தால் பதற வேண்டாம். சில நாள் இருட்டில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.