வீட்டிலேயே குடலைச் சுத்தம் செய்தால் என்ன நடக்கும்?

வீட்டிலேயே குடலைச் சுத்தம் செய்ய நினைக்கிறேன், எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அந்த நாள் எப்படிப் போகும் என்பது நன்றாகத் தெரியும்.

வெறும் வயிற்றில் குடித்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கத் தொடங்கும். விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கவைப்பதுதான் காரணம். முதலில் கெட்டியாகப் போகும், அப்புறம் இளகும், கடைசியில் வெறும் தண்ணீர்தான். ஆசனவாய் எரியும், கால் துவளும். நிலாவாரை என்ற பேதி இலை இன்னும் மெதுவானது. 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் எடுப்பார்கள். மதியம் குழைந்த ரசம் சாதம், பிறகு உப்புப் போட்ட மோர் என்று பாட்டி கொடுத்ததில் பெரிய நியாயம் இருக்கிறது. பேதியில் தண்ணீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன.

பல வருடக் கழிவு குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காணொளிகளில் சொல்வதை நம்பாதீர்கள். பெருங்குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தானே உரிந்து புதிதாகிறது. மறுநாள் எடை குறைந்திருந்தால் அது போன தண்ணீரின் எடை; சாப்பிட்டதும் திரும்பிவிடும். ஆசனவாய் வழியாகக் காபியைக் குடலுக்குள் ஏற்றும் காபி எனிமாவை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அதனால் குடல் வெந்து புண்ணானவர்கள் இருக்கிறார்கள். லிட்டர் கணக்கில் உப்புநீர் குடிப்பதும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து.

கர்ப்பிணிகள் விளக்கெண்ணெயைத் தொடவே கூடாது, கருப்பை சுருங்கக்கூடும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பேதிக்குச் சாப்பிட வேண்டாம். பாட்டி மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் என் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

மலச்சிக்கல்தான் உங்கள் தொல்லை என்றால் கீரை, கொய்யா, வாழைத்தண்டு, தோலோடு பயறு என்று ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து சேருமாறு சாப்பிடுங்கள், தண்ணீரும் குடியுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வாயு சேரும், மெல்லக் கூட்டுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிற்று வலிக்கு மருந்தாகப் பேதி எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடித்துவிடக்கூடும்.