பிடியரிசி வாளியின் மூடி

வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் தரம் 8 வகுப்பாசிரியை நான். பிள்ளைகளிடம் பிடியரிசி (ஆளுக்கு ஒரு பிடி அரிசி) சேர்த்து, கஷ்டப்பட்ட ஐந்து மாணவருக்குக் காலைக்கூட்டத்தில் பொதியாகக் கொடுக்க நினைக்கிறோம். கொடுக்கிற பழக்கம் இதால வருமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிடியரிசி நல்லது, செய்யுங்கோ. காலைக்கூட்டம் வேண்டாம். கொடுக்கிற பிள்ளையும் வாங்குகிற பிள்ளையும் உங்கள் வகுப்பில் ஒரே வாங்கில் இருப்பவர்கள். மீள்குடியேறிய காலத்திலிருந்தே பொதியோடு நின்று படத்துக்கு முகம் காட்டிக் களைத்த ஊர்கள் இவை. இலவசப் பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் வருகின்றன. எல்லோருக்கும் கிடைப்பதால் எந்தப் பிள்ளையும் கூசுவதில்லை.

ஆகவே அரிசியைப் பங்கிடாமல் முழு வகுப்புக்கும் இலைக்கஞ்சி காய்ச்சுங்கள். ஒரு பிள்ளையின் பிடி 25–30 கிராம் வரும். 35 பேர் போட்டால் ஏறத்தாழ 1 கிலோ. அதற்கு 10 லீற்றர் தண்ணீர், இரண்டு தேங்காய். எல்லோருக்கும் ஒரு கோப்பை கிடைத்து, மறுகோப்பைக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

பிழைக்கிற இடம் அரிசிதான். வீட்டுக்கு வீடு வேறு அரிசி வரும். பச்சையரிசி குழையும்போது குத்தரிசி பல்லில் கடிபடும். இரண்டு வாளி வையுங்கள். குத்தரிசியை முதலில் போட்டு, இருபது நிமிடம் கழித்துப் பச்சையரிசி. வல்லாரை, முருங்கையிலைச் சாற்றைக் கடைசியில் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். கூடக் கொதித்தால் பச்சை நிறம் போய்விடும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். சேர்த்த அரிசியை அந்தக் கிழமையே முடியுங்கள், வைத்தால் வண்டு விழும்.

வாளி மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி வகுப்பு மூலையில் வையுங்கள். பெயர்ப்பட்டியல் வேண்டாம், மொத்த நிறையை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். அரிசி இல்லாத பிள்ளை வெறுங்கையை விட்டு எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இலை ஆய்வதும் விறகு பொறுக்குவதும் முறைவைத்து எல்லோருக்கும் வரட்டும். இல்லாவிட்டால் அரிசி தராதவன்தான் எப்போதும் கிடாரம் கழுவுவான். (பெண்பிள்ளைகள் மட்டும் காய்ச்சுவதும் அதே பிழைதான்.)

இதோடு நின்றால் தானம் மட்டும்தான். ஏன் சிலர் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று குடியியற் கல்விப் பாடத்தில் கேட்கவிடுங்கள். வறுமை என்று ஒரு சொல்லில் முடிக்க விடாதீர்கள். பஸ் நிற்காமல் போவதால் விடியமுன் நடக்கத் தொடங்குகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அப்படியானால் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் திகதி, பஸ் வந்த நேரம், நின்றதா, எத்தனை பேர் காத்து நின்றார்கள் என்று குறிக்கட்டும். அதிபரின் கையொப்பத்தோடு பஸ் சாலை (டிப்போ) முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம், ஒரேயொரு கோரிக்கை. வீதி விளக்கையும் குடிநீரையும் அதே கடிதத்தில் சேர்த்தால் மூன்றும் கிடப்பில் போகும். பிரதி ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டி, பதில் வராவிட்டால் பதினைந்தாம் நாள் நினைவூட்டல் எழுதும் பொறுப்பை இரண்டு பிள்ளைகளிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.