சிபாரிசா, விளம்பரமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: எங்கள் தாய்மார் ஃபேஸ்புக் குழுவில் ஒருவர், யார் என்ன கேட்டாலும் ஒரே கம்பெனியின் சத்துமாவைத்தான் சொல்கிறார். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: திரும்பத் திரும்பச் சொல்வது மட்டுமே சாட்சியாகாது. தன் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதைப் பத்துப் பேரிடம் சொல்லும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவருடைய பழைய பதிவுகளைப் பாருங்கள். காய்ச்சல், பள்ளி, தூக்கம் என்று மற்றதையும் பேசியிருக்கிறாரா, மாவைப் பற்றி மட்டும்தானா? அடுத்து, அவர் தரும் லிங்க். அமேசானில் கமிஷனுக்காகப் பகிரப்படும் லிங்க்கைத் திறந்தால், முகவரியில் 'டேக்' (tag) என்ற சொல்லும் அதையொட்டி ஒரு அடையாளப் பெயரும் இருக்கும். அந்த வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குப் பணம் போகும். அவர் பெயரிலேயே இருக்கும் தள்ளுபடிக் கூப்பனும் பெரும்பாலும் இதே ரகம்.

ஜோடி வேலையும் உண்டு. புதிதாகச் சேர்ந்த கணக்கு ஒன்று "நல்ல மாவு எது?" என்று கேட்கும், சில நிமிடங்களில் இன்னொரு புதுக் கணக்கு பிராண்ட் பெயரோடு வந்து நிற்கும். இதைக் கண்டால் அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள். சந்தேகத்தை வைத்து ஒரு பெண்ணைக் குழு நடுவே குற்றவாளியாக்குவது எனக்குச் சம்மதமில்லை. "உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஏதாவது தொடர்பு உண்டாங்க?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கே: ஒரு கம்பெனி எனக்கு க்ரீமை இலவசமாக அனுப்பியது. பணம் எதுவும் தரவில்லை. என் பக்கத்தில் அதைப் பற்றி எழுதினால் விளம்பரம் என்று போட வேண்டுமா?

ப: போட வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசப் பொருள், தள்ளுபடி, சுற்றுலா, குடும்ப உறவு எல்லாமே சொல்லியாக வேண்டிய தொடர்புகள்தான். தமிழில் எழுதினால் அறிவிப்பும் தமிழிலேயே இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது. வீடியோ என்றால் கீழே விவரத்தில் போட்டால் மட்டும் போதாது. வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் பேச்சிலும் வர வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும்.

கே: டெலிகிராம் குழுவில் தினமும் ஷேர் டிப்ஸ் தருகிறார்கள். லாப ஸ்கிரீன்ஷாட்டும் போடுகிறார்கள். நம்பலாமா?

ப: வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் அவர் பெற்ற பதிவு எண்ணைக் கேட்டு, செபி இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் நிச்சய லாபம் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

கே: சர்க்கரை நோயை அடியோடு போக்கும் சூரணம் என்று மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். அத்தை மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார்.

ப: முதலில் அத்தையிடம் பேசுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நோயாளியின் பயத்தை வைத்து வியாபாரம் நடப்பது கொடுமை. மாமா நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார், அவரிடம் போனில் சொல்லுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்பவரின் எண்ணையும் குறித்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம்.