சி.பி.முத்தம்மா: கேள்வி பதில்

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு, பணி விதிகளைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, பெயரைப் பார்த்தால் தமிழர் போலத் தெரிகிறதே?

குடகுப் பெண். 1924இல் விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஆனாலும் சென்னை அவரை உரிமை கொண்டாடலாம். மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பட்டம், மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ.

1940களின் இறுதியில் பெண்கள் குடிமைப் பணித் தேர்வை எழுதத் தடை இருந்ததா?

எழுதத் தடை இல்லை. வம்பு நேர்முகத் தேர்வில்தான் தொடங்கியது. வெளியுறவுப் பணி பெண்ணுக்குச் சரிவராது என்று தேர்வுக் குழுவினர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆண்களுக்கு அந்தத் தாளே கிடையாது!

திருமணத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது கட்டுக்கதைதானே?

விதியே அப்படித்தான். 1961ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 8(2) என்று இருந்தது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். பணிச்சேர்ப்பு விதி 18(4) இன்னும் மோசம்: மணமான பெண் பணி நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது.

அரசுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில் தோற்றதாகப் படித்தேன். சரியா?

தாளில் பார்த்தால் மனு தள்ளுபடிதான். கதை வேறு. ‘கிரேடு 1’ என்ற உயர்நிலைக்கான பதவி உயர்வு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அந்த உயர்வைக் கொடுத்துவிட்டது! கேட்டது கிடைத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனால் 1979 செப்டம்பரில் தீர்ப்பெழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குக் குறுக்கே வருமென்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று கேட்டார். மறுப்புக்கும் உயர்வுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பணியில் இளையவர்கள் முந்திவிட்டதால், முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும் உத்தரவிட்டார்.

தூதராக எங்கெல்லாம் இருந்தார்?

1970இல் ஹங்கேரி, பின்னர் கானா, நெதர்லாந்து. விஜயலட்சுமி பண்டிட் முன்பே தூதரானவர் என்பீர்கள். அது அரசியல் நியமனம். தேர்வெழுதி வந்து தூதரான முதல் பெண் முத்தம்மாதான்.

என் மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். அந்த விதிகள் இப்போதும் உண்டா?

கவலை வேண்டாம், அம்மா. 18(4) வழக்குக்கு முன்பே, 1973இல் நீக்கப்பட்டது. 8(2)ஐயும் நீக்கப்போவதாகவும், அரசிதழில் வெளியாவதுதான் பாக்கி என்றும் அரசுத் தரப்பு நீதிமன்றத்திலேயே சொன்னது.