வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடு வாங்க யாருடைய உதவியை நாடுவது?

லீவுக்கு நான்கு நாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவராகத்தான் நீங்களும் இருப்பீர்கள். விற்பவரோடும் தரகரோடும் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரை ராமநாதபுரத்திலேயே பிடியுங்கள். சொந்தக்காரர்களை நம்பக்கூடாது என்று சொல்லவில்லை. அதற்குள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நம்பிக்கை வேறு, மூலப்பத்திரத்தைப் படிக்கத் தெரிவது வேறு.

நான் சூரத்தில் வேலை பார்க்கிறேன். உச்சிப்புளி அருகே ஓர் ஓட்டு வீட்டை என் மச்சான் பார்த்து வைத்தார். பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றும் சுத்தம். “இதற்கு மேல் என்ன வேண்டும் மாப்பிள்ளை, அட்வான்ஸை அனுப்புங்கள்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நகல்களை ஒரு வழக்கறிஞருக்கு அனுப்பினேன். மச்சானுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

மூலப்பத்திரம் விற்பவருடைய அப்பா கிரயம் வாங்கியது. அவர் உயில் எழுதாமலே இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கினால், கடைசி வரியில் தொண்டியில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகள்! அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அப்பா தன் காசில் வாங்கிய சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். கூடப் பிறந்தவளின் பங்கு வராது.

பதிவு மூன்று மாதம் தள்ளிப்போனது. அந்த அம்மாள் தொண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து தம் பங்கை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிக்கொண்டே, “கொல்லையில் நிற்கும் பனை இரண்டையும் வெட்டிவிடாதீர்கள் தம்பி” என்றார்.

வெட்டவில்லை. ஆனால் சுற்றிலும் மனை போடுகிறோம் என்று பனைகளைச் சாய்க்கிறார்கள். ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள். எங்கள் தெருமுனையில் ஒரே மதியத்தில் பதினோரு மரம் போயிற்று. மாநில மரம் என்று பாடத்தில் படிக்கிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேரில் வரமுடியாமல் இன்னொருவர் மூலம் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்வதென்றால், உங்கள் சார்பில் செய்ய அவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தை (பவர்) நீங்கள் குடியிருக்கும் ஊர் சார்பதிவாளர் முன் எழுதிக் கொடுங்கள். நோட்டரி முத்திரை போதாது. இடித்துக் கட்டும் எண்ணமிருந்தால், ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும். அதையும் சேர்த்து வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில், அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். போனில் சொல்வதைக் கேட்டு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.